ஞாயிற்றுக்கிழமை இறைச்சியும் செவ்வாய்க்கிழமை வயிற்றுவலியும்

கன்னியாகுமரி மாவட்டம் களியக்காவிளைக்குப் பக்கத்து ஊரிலிருந்து 34 வயதுப் பெண் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கணவர் ரப்பர் பால் வெட்டுகிறார். மழை பெய்தால் வெட்டு கிடையாது, வெட்டு இல்லாத நாளுக்குக் கூலியும் கிடையாது. ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை என்று நம் பக்கம் இரண்டு பருவமும் பெய்வதால் வருசத்தில் நாலைந்து மாதம் கை இறுக்கம்தான். வீட்டில் 12 வயது மகள், 6 வயது மகன், சர்க்கரை நோய் உள்ள மாமியார் என்று ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும் வழியில் 400 ரூபாய் அளவில் ஒரு கிலோ மாட்டிறைச்சி வாங்குவார்கள். அன்று மதியம் தேங்காய் அரைத்து மண்சட்டியில் குழம்பு. மீதியை அப்படியே அடுப்படியில் மூடிவைத்து, காலையும் மாலையும் சூடாக்கிச் செவ்வாய் வரை ஓட்டுவார்கள். கடந்த ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் அந்தக் குழம்போடு மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) சாப்பிட்டார்கள். நள்ளிரவில் கணவருக்கும் மகனுக்கும் வயிற்றைப் பிசைந்து கழிச்சல். காய்ச்சல் இல்லை, வாந்தியும் பெரிதாக இல்லை. மறுநாள் இரவுக்குள் தானாகவே நின்றுவிட்டது.

மாமியார், "கிழங்கில் கட்டு இருந்திருக்கும்" என்கிறார். கணவர், "மாட்டிறைச்சியையும் கிழங்கையும் சேர்த்துத் தின்றதுதான் காரணம்" என்கிறார். பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்று இருக்கிறது. அதில் வைத்த இறைச்சியைத் தின்றால் நோய் வரும் என்று சொல்லி, அதைப் பாலுக்கும் தண்ணீருக்கும் மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். இறைச்சியையே நிறுத்திவிட்டு அந்தக் காசில் பிள்ளைகளுக்குச் சத்து பவுடர் டப்பா வாங்கலாமா என்பது அவருடைய முதல் கேள்வி. இருக்கிற அரிசி, பருப்பு, காணம் (கொள்ளு), கிழங்கை வைத்து, கொஞ்சம் இறைச்சியில் ஒரு வாரத்தை எப்படிக் கெடாமல் ஓட்டுவது என்பது இரண்டாவது. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், கேள்வியாக இல்லாமல் போகிற போக்கில் ஒரு வரி: "எனக்கு முகாமில் ரத்தம் பார்த்தார்கள், 8.9 என்றார்கள். நான் இறைச்சித் துண்டு எடுப்பதில்லை, சாறு மட்டும் ஊற்றிக்கொள்வேன், பிள்ளைகள் தின்னட்டும்."

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மருத்துவர் அல்ல, உணவியல் ஆலோசகர். நம் மாவட்டத்து அடுப்படிகளைப் பல வருசமாகப் பார்த்து வருகிறேன். அந்த ஓரத்து வரிக்குக் கடைசியில் கட்டாயம் வருவேன். முதலில் அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பார்ப்போம்.

என்ன நடந்திருக்கும்?

கிழங்கின் மேல் விழுந்த பழியை முதலில் எடுத்துவிடலாம். மரச்சீனியில் சயனைடைத் தரும் பொருள் உண்டு என்பது உண்மை. மாமி 'கட்டு' என்று சொல்வது அதைத்தான். கசப்புக் கிழங்கில் அது அதிகம். ஆனால் அது தாக்கினால் சில மணி நேரத்துக்குள் தலைசுற்றல், தலைவலி, வாந்தி என்று வரும். அன்று கிழங்கை நீங்கள், உங்கள் கணவர், மகன், மாமி என்று நாலு பேர் சாப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறாள். நாலு பேரில் சுகமில்லாமல் ஆனது இரண்டு பேர்தான், அதுவும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. அந்த இரண்டு பேர் மட்டும் சாப்பிட்டது எது? இறைச்சிக் குழம்பு. மாமி கிழங்கோடு மிளகாய்ச் சம்மந்தி (துவையல்) தொட்டுக்கொண்டார். உங்கள் பங்குக்கு அன்று சாறும் மிச்சம் இருக்கவில்லை.

கிழங்கும் இறைச்சியும் சேரக்கூடாது என்று உங்கள் கணவர் சொல்வது தலைகீழ். கிழங்கில் புரதம் நூறு கிராமுக்கு ஒன்றரை கிராம்கூடத் தேறாது. மீன், இறைச்சிப் புரதத்தில் உள்ள கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்கள்தான் கிழங்கிலிருந்து வரும் கொஞ்சநஞ்ச சயனைடையும் உடல் முறித்து வெளியேற்ற உதவுகின்றன. விசாகம் திருநாள் மகாராஜா 1880-85 காலத்தில் திருவிதாங்கூரில் இந்தக் கிழங்கைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வராமல் போனபோது நம் பாட்டிமார் பிள்ளைகளை வளர்த்தது இதை வைத்துத்தான். அப்போதும் பக்கத்தில் ஒரு துண்டு சாளை மீனாவது (மத்தி) வைக்கப் பார்த்தார்கள். அது வெறும் ருசிக்கான சேர்க்கை அல்ல. கிழங்கின் தோலைச் செதுக்கி, வெட்டி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள். கசந்தால் சாப்பிடவே வேண்டாம்.

அப்படியானால் குழம்பு. பரிசோதனை செய்யாமல் கிருமியின் பெயரை நான் அடித்துச் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் எழுதிய அடையாளங்கள், அதாவது சாப்பிட்டு 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிசைந்து கழிச்சல், காய்ச்சலின்மை, ஒரு நாளில் தானாக நிற்பது, இவை க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற கிருமிக்கு அப்படியே பொருந்துகின்றன. மெதுவாக ஆறிய இறைச்சிக் குழம்புதான் அதற்குப் பிடித்த இடம். கொதிக்க வைத்தால் கிருமி செத்துப்போகும். அதன் வித்து சாகாது. குழம்பு இளஞ்சூட்டுக்கு வந்ததும் அந்த வித்து முளைத்துப் பெருகும். சுமார் 5 டிகிரி முதல் 60 டிகிரி வரையான சூடுதான் உணவில் கிருமிகள் பெருகும் எல்லை. அந்த எல்லைக்குள் உங்கள் குழம்பு எத்தனை மணி நேரம் கிடந்தது என்று பாருங்கள். மண்சட்டி சூட்டை விடாது. ஒரு மணிக்கு இறக்கிய குழம்பு சாயங்காலம் வரை வெதுவெதுப்பாகவே இருந்திருக்கும். ராத்திரி ஒரு கொதி, விடியும் வரை மறுபடி வெதுவெதுப்பு. இப்படி இரண்டு நாளில் நாலு தடவை. கெடாமல் இருக்கட்டும் என்று நீங்கள் செய்த ஒவ்வொரு சூடாக்கலும் குழம்பை மறுபடி அதே இளஞ்சூடு வழியாக இறங்க வைத்திருக்கிறது.

வாசனை மாறவில்லையே, நுரைக்கவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். நோய் தரும் கிருமி வாசனையை மாற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை. மூக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பின் வெளியில் இரண்டு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம்.

மாமி அறுபது வருசமாக இப்படித்தான் வைத்துச் சாப்பிட்டேன் என்கிறாரே, அது பொய்யா? பொய்யில்லை. அவர் கைப்பழக்கம் பெரும்பாலும் புளி கூட்டிய மீன்கறியில் வந்தது. கொடம்புளி போட்டு வற்றவைத்த மீன்கறியில் புளிப்பு அதிகம், ஈரம் குறைவு. கிருமி அவ்வளவு எளிதில் பெருகாது. பழங்கஞ்சியும் அப்படித்தான், இரவெல்லாம் நீரில் கிடந்து புளித்துப்போவது அதற்கு ஒரு காவல். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் புளிப்பு இல்லை, பச்சைத் தேங்காய் அரைப்பு இருக்கிறது, சாறு நிறைய இருக்கிறது. மீன்கறிக்குச் சரியாக இருந்த கணக்கை இறைச்சிக் குழம்புக்குப் போட்டதுதான் தவறு. மாமியிடம் இந்த வழியாகவே பேசிப்பாருங்கள். "உங்க மீன்கறிக் கணக்கு வேற மாமி, இது தேங்கா அரைச்ச இறைச்சி" என்று தொடங்கினால் அவர் காது கொடுப்பார். "நீங்க வச்சதால்தான் பிள்ளைக்கு வந்தது" என்று தொடங்கினால் குழம்பு மறுபடியும் சட்டியில்தான் இருக்கும்.

ஃபிரிட்ஜ் பற்றி

ஃபிரிட்ஜில் வைத்ததால் இறைச்சி விஷமாவதில்லை, சத்தும் ஓடிப்போவதில்லை. வெளியில் ஆறேழு மணி நேரம் கிடந்த இறைச்சியைப் பிறகு உள்ளே வைப்பவர்களுக்குத்தான் நோய் வருகிறது. பழி ஃபிரிட்ஜுக்குப் போகிறது. சூடாக உள்ளே வைக்கக்கூடாது என்பதற்காகச் சாயங்காலம் வரை காத்திருக்கவும் வேண்டாம். எடுத்து வைக்கப்போகும் கறியை மண்சட்டியிலிருந்து அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். அந்தப் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைத்து இரண்டு முறை கிளறிவிட்டால் அரை மணி நேரத்தில் ஆவி அடங்கிவிடும். அப்புறம் சின்னச் சின்னப் பெட்டிகளில் போட்டு உள்ளே வைத்துவிடலாம். ஒரு பெட்டி என்பது ஒரு வேளைக்குத் தேவையான அளவு. எடுத்தால் முழுவதையும் தளதளவென்று கொதிக்கவிட்டுச் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். மிச்சத்தை மறுபடி உள்ளே வைக்கக்கூடாது.

சமைத்த இறைச்சிக்குக் கீழ்த்தட்டில் மூன்று நாள். அதற்கு மேல் வேண்டுமானால் அன்றே மேல் பெட்டியில் உறையவைக்க வேண்டும். பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் என்பதால் உறைந்ததையும் இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் வந்தால் குளிர் வெளியே போகிறது என்று பொருள், ரப்பரை மாற்றுங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், நான்கு மணி நேரம் வரை குளிர் நிற்கும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று உங்களுக்கே நினைவிருக்கும். அதுபோல நீண்டுபோனால் உள்ளே இருக்கும் இறைச்சிக்காக மனம் வருந்தாமல் கொட்டிவிடுங்கள்.

ஒரு கிலோவை எப்படிப் பிரிப்பது

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இந்தப் பகுதியை நான் ஆசையோடு எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மண்ணின் சமையலே கொஞ்ச இறைச்சியை நிறையப் பேருக்கு எட்டவைக்கிற சமையல்.

எலும்பில்லாத ஒரு கிலோ இறைச்சி வெந்தால் 650, 700 கிராம்தான் நிற்கும். வெந்த இறைச்சி நூறு கிராமில் சுமார் 25 கிராம் புரதம். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவையே 42 கிராம் அளவுதான். ஞாயிற்றுக்கிழமையே வயிறு முட்டச் சாப்பிடுவதால், அன்றைய மிச்சத்தை உடல் புதன்கிழமைக்குச் சேர்த்து வைக்காது. ஆகவே வாரத்தில் நாலு நாளைக்குப் பிரித்துச் சாப்பிடுவது காசுக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது.

வாங்கி வந்ததும் இரண்டாகப் பிரியுங்கள். பாதியை வழக்கம்போல் தேங்காய் அரைத்துக் குழம்பாக வையுங்கள், ஆனால் அன்று மதியமும் இரவும் தீர்ந்துவிடுகிற அளவுக்கு. இரவுக்கான பங்கு மதியமே ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். குழம்பு குறைந்துவிடுமே என்றால் சக்கைக்கொட்டை (பலாக்கொட்டை), சேனை, பப்பாளிக்காய் போடுங்கள். பப்பாளிக்காய் இறைச்சியை மெத்தென்று ஆக்கும், கேஸும் மிச்சம். சக்கைக் காலத்தில் கொட்டைகளைக் கழுவி உலர்த்தி மணலில் புதைத்து வைத்தால் ஆடி மழைக்குக் கைகொடுக்கும். உங்கள் மாமிக்கு இது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

மறுபாதியில் தேங்காயைத் தொடவேண்டாம். சின்னத் துண்டுகளாக நறுக்கி, உப்பு, மஞ்சள், மிளகு, இஞ்சி, கொஞ்சம் வினிகர் சேர்த்துக் குக்கரில் வேகவைத்து, பிறகு திறந்து தண்ணீர் முழுவதும் வற்றும் வரை கிளறுங்கள். பரப்பி ஆறவைத்து மூன்று பெட்டிகளில் போடுங்கள். ஒரு பெட்டிக்கு 110 கிராம் அளவில் வரும். இதுதான் உங்கள் வாரத்தின் கைச்சரக்கு. தேங்காய் சேர்ந்த கறி சீக்கிரம் கெடும். வற்றிய இறைச்சிக்கு எந்த நாளிலும் தேங்காயைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை முதல் பெட்டியை எடுத்துச் சூடாக்கி, நாராகப் பிய்த்து, தேங்காய், சின்ன வெங்காயம், பச்சைமிளகாயைக் கொரகொரப்பாகத் தட்டிச் சேர்த்து, இரண்டு கை முருங்கை இலை போட்டுத் துவரன் (பொரியல்) செய்யுங்கள். சோற்றுக்கு அதுவும் ஒரு புளிச்சாறும் போதும். இறைச்சியோடு சேரும்போது கீரையில் உள்ள இரும்புச்சத்தையும் உடல் கூடுதலாக உறிஞ்சும். தனியாகத் தின்ற கீரைக்கு அந்த அனுகூலம் இல்லை. பருப்புக்கும் இதே கதைதான். அதனால்தான் கொஞ்ச இறைச்சியை நிறையக் காய்கறியோடும் பயறோடும் கலக்கச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காணம். இரவே 200 கிராம் ஊறவைத்து, காலையில் குழைய வேகவைத்து, அதில் இரண்டாவது பெட்டியைப் போடுங்கள். தேங்காயைச் சிவக்க வறுத்து அரைத்துத் தீயல் பதத்தில் இறக்கினால் இறைச்சிக்குழம்பு எது, காணக்குழம்பு எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. கணக்குப் பாருங்கள்: காணத்தில் சுமார் 44 கிராம் புரதம், இறைச்சியில் 27 கிராம். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 14 கிராம், அதாவது இரண்டு முட்டையைவிடக் கூடுதல். இறைச்சி மட்டும் போட்டிருந்தால் ஆளுக்கு ஐந்து கிராம்தான் வந்திருக்கும். காணம் இல்லாத நாளில் சிறுபயறு, கடலை எதுவும் ஆகும்.

புதன்கிழமை கிழங்கு மயக்குங்கள், அதாவது மசியுங்கள். வடித்த கிழங்கில் தேங்காய், சீரகம், மஞ்சள், பச்சைமிளகாய் சதைத்துப் போட்டு மயக்கி, மூன்றாவது பெட்டி இறைச்சியைச் சட்டியில் கறிவேப்பிலையோடு நன்றாகச் சூடேற்றி மேலே கொட்டிக் கிளறினால் போதும். மாமிக்கு மட்டும் அன்று கிழங்கை ஒரு சின்னக் கிண்ணம் அளவில் நிறுத்திவிட்டு, இறைச்சியையும் கீரையையும் கூட்டிவையுங்கள். கிழங்கில் சோற்றைவிட மாவுச்சத்து அதிகம். சோறும் கிழங்கும் ஒரே வேளையில் அவருக்கு வேண்டாம்.

வியாழன் முதல் சனி வரை இறைச்சியைத் தேடவேண்டாம். மலிவாகக் கிடைக்கும் நாளில் சாளை, நெத்திலி. இல்லையென்றால் முட்டை, பருப்பு. எலும்பைத் தனியாகக் கேட்டு வாங்கிச் சாறு வைப்பதாக எழுதியிருந்தீர்கள். ருசிக்கு நல்லது, தாராளமாக வையுங்கள். ஆனால் அதில் கால்சியம் இறங்கும் என்ற நம்பிக்கையில் பிள்ளைகளுக்குப் பாலைக் குறைத்துவிடாதீர்கள். எலும்புச் சாற்றில் கால்சியம் மிகக் குறைவு. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில்தான் அது இருக்கிறது.

டப்பா வாங்கலாமா?

வேண்டாம். பெரும்பாலான டப்பாக்களில் பெரும்பங்கு மாவும் சர்க்கரையும்தான். அந்த 400 ரூபாய்க்கு இறைச்சி தருகிற இரும்பும் புரதமும் அதில் வராது. அந்தக் காசைத் தேடும் முன் உங்களுக்கு உரிமையாக வரவேண்டியவற்றை எடுத்துக்கொள்கிறீர்களா என்று பாருங்கள். ரேஷன் பருப்பு வேக நேரமாகிறது என்று வாங்காமல் விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பை விடாதீர்கள். ஒரு மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் போட்டால் கேஸ் பெரிதாக ஆகாது.

மகன் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. சத்துணவு 'இல்லாதவர்களுக்கு' என்று நினைத்து வீட்டிலிருந்து சோறு கட்டிக் கொடுக்கிறீர்கள். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். அங்கே படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் உரியது அது. பள்ளி நடக்கும் ஐந்து நாளும் ஒரு முட்டை, வாரத்துக்கு 30 கிராம் நல்ல புரதம். காலையிலும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இருக்கிறது. மழைக்காலத்தில் கூலியில்லாத நாளில் அந்த ஒரு பிள்ளையின் இரண்டு வேளை, உங்கள் பானையில் மற்ற நாலு பேருக்குக் கூடுதலாக நிற்கும்.

மறுபடி கழிச்சல் வந்தால்

ஓமத்தண்ணீர் கொடுத்து, நாள் முழுவதும் பையனுக்கு வயிற்றைக் காயப்போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் இனி செய்யாதீர்கள். சின்னப் பிள்ளைக்குக் கழிச்சலில் ஆபத்து நீர் வற்றுவதுதான். ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு, தட்டையாக வழித்தது. உப்பு கூடிவிடக்கூடாது. கஞ்சி, இட்லி, மட்டிப்பழம் எது கேட்டாலும் கொடுக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் துத்தநாக மாத்திரை தருவார்கள், கழிச்சல் நின்றாலும் அவர்கள் சொல்லும் நாள்வரை கொடுத்து முடியுங்கள். மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாக மூத்திரம் இல்லாமை, கண் குழிவிழுதல், எழுப்பினால் எழாத சோர்வு, எதுவும் தங்காத வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

அந்த ஓரத்து வரி

இனி உங்களைப் பற்றி. அந்தச் செவ்வாய்க்கிழமை உங்களுக்கு வயிற்றுவலி வராததற்குக் காரணம் உங்கள் தட்டில் குழம்பே இல்லாததுதான். இதைப் படித்தபோது எனக்கு மனம் கஷ்டமாக இருந்தது. ஐந்து பேருக்குச் சமைக்கிற நீங்கள் நாலு பேர் கணக்கில்தான் இறைச்சி வாங்குகிறீர்கள்.

பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். உங்களுக்கு 8.9. இது 'கொஞ்சம் குறைவு' அல்ல, நடுத்தர அளவு ரத்தசோகை. குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுவது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது என்று நீங்கள் எழுதியது வயதாலும் வேலையாலும் வந்ததில்லை. இந்த அளவை இறைச்சியும் முருங்கையும் மட்டும் தனியாக ஏற்றிவிடாது; மாத்திரை வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், எத்தனை, எவ்வளவு நாள் என்பதை அங்குள்ள மருத்துவர் சொல்வார். மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். இன்னொன்று: விடியற்காலையில் கணவரோடு பால் எடுக்கத் தோட்டத்துக்குப் போவதாகச் சொல்கிறீர்கள். ஈரமான தோட்டத்து மண்ணில் செருப்பில்லாமல் நடந்தால் கொக்கிப்புழு பாதம் வழியாக ஏறி, குடலில் இருந்து ரத்தத்தை உறிஞ்சும். பூச்சி மாத்திரையும் கேளுங்கள், வீட்டில் மற்றவர்களுக்கும் கேளுங்கள். கால் மூடிய ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை போட்ட பிறகு மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். சாப்பாட்டோடு கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) குடிக்கிற வழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள், சாயா இரும்பை உடம்பில் சேரவிடாது.

பெட்டி பிரிக்கும்போதே உங்கள் பங்கைக் கண்ணால் பார்த்து ஒதுக்குங்கள். கடைசியில் சட்டியில் மிஞ்சுவதை எடுத்துக்கொள்ளலாம் என்றால் மிஞ்சாது. சாறில் ருசியும் உப்பும்தான் நிறைய. இரும்பும் புரதமும் துண்டில் இருக்கிறது. மகளுக்கும் 12 வயது, மாதவிலக்குத் தொடங்கும் பருவம். அவளும் தம்பிக்கும் அப்பாவுக்கும் துண்டைத் தள்ளிவைக்கப் பழகிக்கொண்டிருக்கிறாளா என்று கவனியுங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா, பையில் போட்டுக்கொண்டு வருகிறாளா என்றும் கேளுங்கள்.

உங்கள் கணவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். அவர் கோபக்காரர் என்று நீங்கள் எழுதவில்லை, கவலைக்காரர் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். உங்களுடைய 8.9 அவருக்குத் தெரியுமா என்று மட்டும் எழுதவில்லை. அதை அவரிடம் சொல்லுங்கள். வரும் வாரத்தில் வெட்டு இல்லாத ஒரு மழைநாளில் அவரையும் கூட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போங்கள். முகாமில் கொடுத்த சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை தொடங்கி மூன்று மாதம் ஆனதும் மறுபடி ரத்தம் பார்த்து, வந்த எண்ணை எனக்கு எழுதுங்கள்.